நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில்

அந்த மீட்டரை அவர் எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்த விதத்தைப் பார்த்தபோதே எனக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான புதிதில் என்னையும் அதே வாசல் வழியாகத்தான் கூட்டிவந்தார். நிலை தாழ்வு, குனிந்து வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெற்றி புடைத்தபடிதான் அந்த வீட்டில் நான் முதல் விளக்கை ஏற்றினேன். மீட்டர் வந்த அன்றைக்கு மனுஷர் தானே இரண்டாக மடங்கி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு, நிலையில் படாமல் பக்கவாட்டில் நுழைந்தார். அதற்கு அடிபடக் கூடாதாம்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் மண்டபத்தில் இறாலை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். நான் கமுதிப் பக்கத்துக்காரி, மிளகாய்க் காட்டில் வளர்ந்தவள். காட்டின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல் எனக்கு. எங்கள் வீட்டில் சும்மா பேசினாலே அடுத்த வீட்டில் சண்டை என்று நினைப்பார்கள். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் வாயைத் திறந்தால் கரண்டு வீணாகிவிடும் என்று நினைக்கிற ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள்.

கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டுத் தட்டை எடுத்து வைப்பார். அதுதான் எனக்கு ஆத்திரம். உப்பு இல்லை என்றாவது சொல்லலாமே. நான் காலையிலிருந்து சேர்த்துவைத்த சேதியை எல்லாம் சாயந்தரம் கொட்டுவேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு மீட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கறுப்புப் பெட்டி, மேலே கண்ணாடி, கண்ணாடிக்குள் ஒரு ஊசி, நடுவில் திருகுகிற குமிழ், சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர். மல்டிமீட்டர் என்று பெயர். கம்பெனியில் வைத்தால் உப்புக் காற்றில் கெட்டுப்போகும் என்று தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். என் கல்யாண ரவிக்கைக்கு எடுத்ததில் மிஞ்சிய பட்டுத் துண்டால் அதைத் துடைப்பார். டிரங்குப் பெட்டியில் அதற்கு இடம் வேண்டுமென்று என் சேலைகள் கொடிக்குப் போயின.

ஒரு பெட்டியின் மேல் பொறாமைப்படுவாளா ஒருத்தி என்று கேட்கலாம். பட்டேன். நன்றாகவே பட்டேன். ஆனால் அதோடு நிற்கவில்லை.

அடுத்த வீட்டில் புதுமடத்து அக்கா ஒருவர் இருந்தார். அந்தக் கம்பெனியில்தான் இறால் உரிக்கப் போவார். ஒருநாள் தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, கேட்காமலே ஆரம்பித்தார்.

“ஏத்தா, ஒம் புருசன் பேசவே மாட்டாருன்னியே. அங்கன வந்து பாரு. அவரும் அந்தப் பாம்பன்காரியும் நாளெல்லாம் கூவிக்கிட்டுல்ல இருக்காக.”

“கூவிக்கிட்டா? என்னத்தக் கூவுறாக?”

“எனக்கு என்ன தெரியும். மெசின் சத்தத்துல ஒண்ணும் வெளங்கல. இவரு ஒண்ணு சொல்லுறாரு, அவ ஒண்ணு சொல்லுறா. உடனே இவரு ‘சரி’ங்கிறாரு. அம்புட்டு இதமாச் சொல்லுறாரு.”

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சரி என்ற வார்த்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவர் அதுவரை ஒரு தடவைகூடச் சரி என்று சொன்னதில்லை. ம் என்பார். அதுவும் நான் இரண்டு தடவை கேட்ட பிறகு.

பாம்பன்காரியைப் பற்றி அதற்குள் நான் கொஞ்சம் தெரிந்துவைத்திருந்தேன். கடல்கார வீட்டுப் பெண். வேதக்காரி. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். காலை ரயிலில் பாலத்தைக் கடந்து மண்டபம் வருவாள், சாயந்தர ரயிலில் திரும்புவாள். இறால் உரிக்கத்தான் சேர்ந்தாள். அவள் குரல் மெஷின் சத்தத்தைத் தாண்டிப் போகிறது என்று கண்டுபிடித்து மேனேஜர் அவளை ஆபீஸ் அறைச் சுவரில் ஐஸ் அறையின் குளிரைக் காட்டும் ஒரு முள்ளைப் பார்த்துச் சொல்லும் வேலையில் போட்டிருந்தார். கரையில் நின்று வள்ளத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டுப் பழகிய குரலாம். எனக்கும்தான் குரல் இருக்கிறது. என்னை யார் கேட்டார்கள்?

இந்த நிலையில்தான் அவருக்குக் கண்வலி வந்தது. ஊரெல்லாம் வந்த கண்வலி. இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துத் துணியால் கட்டிப் படுக்கவைத்தேன். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இன்றைக்கு வீட்டோடு இருப்பார், கண்ணை மூடிக்கொண்டாவது நான் சொல்வதைக் கேட்பார்.

பத்து மணி சுமாருக்குக் கம்பெனி வாட்ச்மேன் ஓடிவந்தார். ஆபீஸ் முள் அடியில் போய் விழுந்துவிட்டதாம். ஐஸ் அறை இதுவரை இல்லாத அளவுக்குக் குளிர்ந்துவிட்டது என்று மேனேஜர் முதலில் மகிழ்ந்துபோனாராம். பிறகு சந்தேகம் வந்து ஆள் அனுப்பியிருக்கிறார். சாயந்தரம் லாரி வருகிறது. அறையின் குளிர் சரியாக இருக்கிறது என்று முள் காட்டாவிட்டால் சரக்கை ஏற்ற மாட்டார்கள்.

அவர் எழுந்து உட்கார்ந்து பூவை எடுத்து எறிந்தார். “மீட்டர எடு” என்றார்.

“கண்ணு தெரியாம எதுக்குப் போறீக?”

“அந்தப் புள்ள பாத்துச் சொல்லும்.”

எனக்கு உச்சந்தலையில் ஏறியது.

“அது எதுக்குச் சொல்லணும்? எனக்குக் கண்ணு இல்லையா? நான் வாரேன். எட்டாப்பு வரைக்கும் நானும்தான் படிச்சிருக்கேன். நம்பரு தெரியாதா எனக்கு?”

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

வாட்ச்மேன் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். கையைப் பிடித்துக் கூட்டிப்போகலாம் என்று கை நீட்டினேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு நுனியை என்னிடம் நீட்டினார், மறுநுனியை அவர் பிடித்துக்கொண்டார். கடைத்தெருவில் பெண்டாட்டி கையைப் பிடித்து நடக்க வெட்கமாம். மறுகையில் மீட்டரை மட்டும் நெஞ்சோடு அணைத்திருந்தார். அதில் வெட்கம் ஒன்றும் தெரியவில்லை.

கம்பெனிக்குள் அதுவரை நான் போனதில்லை. மெஷின் சத்தத்தில் காது அடைத்தது. இறால் நாற்றமும் வேறு ஏதோ ஒரு காட்டமான நெடியும் சேர்ந்து வந்தது. நீளமான நடை. நடையின் கோடியில் ஐஸ் அறையின் தடித்த கதவு. கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு இரும்புப் பெட்டி. ஐஸ் அறைக்குள் ஒரு குழாயை நட்டிருக்கிறார்கள், அதற்குக் குளிர் தெரியுமாம். அது இந்தப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதைக் கரண்டாக மாற்றி ஒயர் வழியாக ஆபீஸுக்கு அனுப்பும். ஆபீஸ் சுவரில் முள் நகரும். இதையெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது என் கண் அங்கே இல்லை. நடையின் மறுகோடியில் ஆபீஸ் வாசலில் அவள் நின்றிருந்தாள்.

அழகி என்று சொல்ல முடியாது. எனக்குச் சொல்ல மனமும் வரவில்லை. என்னைவிட உயரம். தலையில் பூ இல்லை. எங்களைப் பார்த்ததும், “அண்ணே, கண்ணு இப்புடியா இருக்கு!” என்று அங்கிருந்தே கூவினாள். அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் முடிந்துபோகுமா? அந்த ‘ணே’யை அவள் இழுத்த இழுப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் இரும்புப் பெட்டியைத் தடவித் திறந்தார். கண் திறக்க முடியாத நிலையிலேயே திருகாணியைக் கழற்றி ஒயரின் ஒரு முனையை வெளியே இழுத்தார். அந்த முனைக்கும் அது இருந்த இடத்துக்கும் நடுவில் மீட்டரின் சிவப்பையும் கறுப்பையும் மாட்டினார். கரண்டு எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஓடுகிற பாதையைப் பிரித்து நடுவில் மீட்டரை உட்காரவைக்க வேண்டுமாம். பக்கத்தில் ஒட்டி நின்று பார்க்க முடியாதாம், அப்படிச் செய்தால் மீட்டர் பொசுங்கிவிடுமாம். இதைக் கேட்டதும் எனக்கு அந்தப் பெட்டியின் மேல் முதல்முறையாகக் கொஞ்சம் மதிப்பு வந்தது. இரண்டு பேருக்கு நடுவில் போய் உட்கார்ந்து என்ன ஓடுகிறது என்று பார்க்கத்தானே நானும் வந்திருந்தேன்.

“ஊசி எங்கன நிக்குது?”

கண்ணாடிக்குள் நாலைந்து வரிசையில் நம்பர். ஊசிக்குக் கீழே கண்ணாடிப் பட்டை ஒன்று. ஊசியும் அதன் நிழலும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி நேராகப் பார்க்க வேண்டும் என்றார். குனிந்து பார்த்தேன். என் கண்ணே எனக்குத் தெரிந்தது.

“ஒண்ணுமே இல்ல. மொத கோட்டுலயே படுத்துருக்கு.”

“ஒண்ணுமே இல்லையா, நாலா?”

“ஒண்ணும் இல்லேங்கிறேன், நாலான்னு கேக்குறீக?”

அப்போதுதான் அவர் பேசினார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய பேச்சிலேயே நீளமானது அதுதான் என்பதால் எனக்கு இன்றுவரை மனப்பாடம்.

“இங்கன பாரு. ரூம்பு நல்லாக் குளுந்து இருக்கு, சொல்றதுக்கு ஒண்ணும் இல்லேன்னா அந்தப் பொட்டி நாலு அனுப்பும். சூடு ஏற ஏற அஞ்சு, ஆறுன்னு இருவது வரைக்கும் ஏறும். ஒண்ணும் இல்லேன்னு சொல்றதுக்கே நாலு வேணும். அந்த நாலும் வரலேன்னா, குளுரும் இல்ல, சூடும் இல்ல. ஒயரு அந்துபோச்சுன்னு அர்த்தம்.”

நான் வாயடைத்து நின்றேன். பேச்சின் பொருளுக்காக இல்லை. இவ்வளவு வார்த்தை இவருக்குள் இருக்கிறதா என்றுதான். இவ்வளவு நாளும் இதெல்லாம் யாருக்குப் போய்க்கொண்டிருந்தது என்று அடுத்த கணமே மனம் கணக்குப் போட்டது.

ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். நான் கூடவே பார்த்துக்கொண்டு போனேன். நடையின் பாதியில் ஒரு ஒட்டு இருந்தது. உப்புக் காற்றில் பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அவர் அதை வெட்டிச் சுரண்டி, புதிதாக முறுக்கிக் கட்டினார். மறுபடி மீட்டரிடம் வந்தோம். ஊசி எழுந்து நின்றிருந்தது.

“எவ்வளவு?”

“நாலஞ்சு இருக்கும்” என்றேன்.

“நாலா, அஞ்சா?”

“அதான் சொல்றேனே. நாலஞ்சு.”

சந்தையில் கத்தரிக்காய் நாலைந்து போடச் சொல்வோம், வீட்டுக்கு நாலைந்து பேர் வந்தார்கள் என்போம். அதில் யார் எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள்? அவருக்கு முகம் சுருங்கியது. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு லாரி இறால் நாறிப்போகும் என்று முனகினார். அதற்குள் நடையின் மறுகோடியிலிருந்து அந்தக் குரல் வந்தது. மெஷின் சத்தத்தை அறுத்துக்கொண்டு வந்தது.

“நாலு, அண்ணே! நாலுதான். சுத்தமா நாலு!”

“சரி” என்றார் அவர்.

புதுமடத்து அக்கா சொன்ன சரி அதுதான். இதமாகத்தான் இருந்தது. என் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் இழுத்த துண்டின் நுனியைப் பிடித்து வந்தவர், என் தலைக்கு மேலே அதைத் தூக்கி அவளுக்குப் போட்டார். நான் மீண்டும் குனிந்து, ஊசியும் நிழலும் ஒன்றாகும்வரை பார்த்து, எங்கள் மிளகாய்க் காட்டுக் குரலில், “நாலு!” என்று கத்தினேன். நடை அதிர்ந்தது. உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எனக்குச் சரி சொல்லவில்லை. அதுதான் முன்னமே தெரிந்துவிட்டதே என்றார்.

முள் சும்மா நிற்கிறதா, நகர்கிறதா என்று சோதிக்க வேண்டும். “கதவ ஒருச்சாச்சு வச்சுட்டு ரூம்புக்குள்ள போயி நில்லு” என்றார் என்னிடம். போனேன். தட்டுத் தட்டாக இறால், பனி மூடிக்கிடந்தது. காலில் செருப்பு இல்லை. குளிர் உள்ளங்காலில் ஏறி முழங்கால்வரை வந்தது. எங்கள் ஊரில் இப்படி ஒரு குளிர் இருக்கிறது என்று சொன்னால் அடிப்பார்கள். பல் கிட்டிக்கொள்ள நின்றபோது, என்னை உள்ளே வைத்துவிட்டு வெளியே இரண்டு பேரும் பேசுவதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று தோன்றியது. தோன்றியது என்ன, நிச்சயமாகவே நம்பினேன். கதவு இடுக்கில் காதை வைத்தேன்.

“நாலேகால், அண்ணே!”

“சரி. அதுதான் கணக்கு. உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம்.”

அவ்வளவுதான். நான் ஒருத்தி உள்ளே விறைத்து நிற்பது அவர்களுக்கு ஒரு கால் கூடுதல். எனக்கு அழுகை வந்தது, குளிரில் வெளியே வரவில்லை.

வெளியே வந்ததும் அந்தப் பாம்பன்காரி ஓடிவந்து ஒரு சாக்கை என் தோளில் போர்த்தினாள். என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்தாள். இறால் உரித்த தழும்பு உள்ள கை, சூடாக இருந்தது. அவர் மேனேஜரிடம் போயிருந்தார்.

“மதினி, அண்ணன் வீட்டுல நல்லாப் பேசுவாகளா?”

“பேசுவாகளாவா?” என்றேன். “நிப்பாட்டவே மாட்டாக. நாந்தான் போதும் போதும்னு சொல்லுவேன்.”

“நல்லா இருங்க” என்றாள். பிறகு என் விரல்களைத் தேய்த்துக்கொண்டே, “எங்க வீட்டுக்காரரு கொழும்புக்குப் போனவுக. மொதல்ல கடுதாசி வரும். சொகம், வேற விசேசம் இல்லைன்னு ரெண்டு வரி இருக்கும். என்ன மனுசன் இவருன்னு கோவப்படுவேன். இப்ப அதுவும் இல்ல. அண்ணன் அந்த நாலப் பத்திச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவுக நெனப்புத்தான் வரும். நாலு வந்தாப் போதும், மதினி” என்றாள்.

எனக்கு நெஞ்சு இளகத்தான் செய்தது. இளகியது உண்மை. ஆனால் பொறாமை எழுந்து போய்விடவில்லை, கொஞ்சம் ஒதுங்கி இரக்கத்துக்கு இடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அண்ணன் அந்த நாலைப் பற்றிச் சொல்லும்போதெல்லாமா? எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்? எனக்கு இன்றைக்குத்தான் ஒரு தடவை சொன்னார். அதுவும் கண் அவிந்த பிறகு.

லாரி போயிற்று. சரக்கும் போயிற்று. அவர் கண்ணும் தெளிந்தது. அந்த வாரமே புதுமடத்து அக்கா வந்து அடுத்த குண்டைப் போட்டார். பாம்பன்காரிக்குக் கண்வலியாம், வேலைக்கு வரவில்லையாம்.

கண்வலி எப்படித் தொற்றும் என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வலிக்கிற கண்ணை நேருக்கு நேர் உற்றுப் பார்த்தால் தொற்றும். ஒரே வீட்டில் இருந்து, பூ வைத்துக் கட்டி, துணி அலசிப் போட்டு, தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு போனவள் நான். எனக்கு ஒரு உறுத்தல்கூட இல்லை. நடையின் அந்தக் கோடியில் நின்ற அவளுக்கு வந்திருக்கிறது. அப்படியானால் யார் யாரைப் பார்த்தது? எப்போது பார்த்தது? எவ்வளவு நேரம் பார்த்தது? இந்தக் காலத்து டாக்டர்கள் கை, துண்டு, கிருமி என்று ஏதேதோ சொல்கிறார்கள். அவள் என் கையைப் பிடித்துத் தேய்த்தாள், நான் கழுவாமல் இருந்திருப்பேன் என்கிறார்கள். சொல்லட்டும். அன்றைக்கு எனக்கு வராமல் அவளுக்கு வந்தது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. கண்ணாடியை எடுத்து இமையை விரித்து விரித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. என்னை அவர் உற்றுப் பார்க்கவே இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

சாயந்தரம் அவர் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது பிடித்துக்கொண்டேன்.

“அவளுக்குக் கண்ணு வலியாமே?”

“ம்.”

“எனக்கு ஏன் வரல?”

நிமிர்ந்து பார்த்தார். வலி வராததற்குச் சண்டை போடுகிறவளை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

“அந்த இரும்புப் பொட்டிக்கு இருக்குற மனசு ஒங்களுக்கு இல்ல” என்றேன். விடாமல் பேசினேன். “சொல்றதுக்கு ஒண்ணும் இல்லேன்னாலும் அது நாலு அனுப்புது. ஒயரு அந்துபோகலன்னு சொல்றதுக்காவது அனுப்புது. நீங்க காலையில போறீக, சாந்தரம் வாரீக. நாலு வார்த்த உண்டா? நான் எத வச்சு நெனைக்கிறது? குளுந்து இருக்குன்னு நெனைக்கவா, அந்துபோச்சுன்னு நெனைக்கவா?”

அவர் சொம்பைக் கையில் வைத்தபடியே நின்றார். பிறகு வழக்கம்போலச் சாப்பிட்டுத் தட்டை எடுத்து வைத்தார். ஆனால் அன்றைக்கு மீட்டரை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அது பையிலேயே கிடந்தது.

மறுநாள் சாயந்தரம் வந்தார். கால் கழுவினார். நிலையில் தலை இடிக்காமல் குனிந்தவர், அப்படியே நின்று அடுப்படியைப் பார்த்துச் சொன்னார்.

“நாலு.”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “சரி” என்றேன். எவ்வளவு இதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு இதமாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு தினமும் சொன்னார். சில நாள் களைத்துப் போய் வருவார். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு ஞாபகம் வந்து, நாலு என்பார். மேனேஜரிடம் திட்டு வாங்கிய நாளில் எட்டு என்றார், பத்து என்றார். ஒருநாள் பதினாறு என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் ஏன் என்று கேட்கவில்லை, விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்றபடி நாலுதான். அந்தத் தெருவில் அத்தனை பெண்டாட்டிமாரில் எனக்கு மட்டும் இருந்த ஒரு வார்த்தை என்று நினைத்துக்கொண்டேன். புதுமடத்து அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குப் புரியாது, புரிந்தால் ஊருக்கெல்லாம் புரிந்துவிடும்.

அப்படி நிம்மதியாக இருந்தவள் பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். ஒருநாள் அவர் தூக்குவாளியை மறந்துவிட்டுப் போய்விட்டார். கெண்டைமீன் குழம்பு, அவருக்குப் பிடிக்கும். எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். வாட்ச்மேன் என்னை உள்ளே விட்டார். நடைக்குள் நுழையும் முன்பே கேட்டது. அவர் குரல்தான். என் வீட்டு நிலையில் நின்று சொல்கிற அதே குரல், அதே இறக்கம்.

“நாலு.”

“நாலு, அண்ணே!”

“சரி.”

தூக்குவாளியோடு அப்படியே நின்றேன். இதில் என்ன இருக்கிறது, அவர் வேலை அது, மீட்டரில் நாலு என்று நின்றால் நாலு என்றுதானே சொல்வார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நானே அங்கே நின்று நாலு என்று கத்தியவள்தானே. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. என்னுடையது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த வார்த்தை, பகலெல்லாம் அங்கே புழங்கிவிட்டு, சாயந்தரம் அழுக்குச் சட்டையோடு என்னிடம் வந்திருக்கிறது. அவள் முதலில் கேட்டுவிட்டு மிச்சத்தை எனக்கு அனுப்பியிருக்கிறாள். வாளியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். குழம்பு அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுகூடக் கேட்கவில்லை.

சாயந்தரம் அவர் வந்து, கால் கழுவி, நிலையில் குனிந்தார்.

“நாலு.”

நான் சரி சொல்லவில்லை. கேட்கவில்லையோ என்று மறுபடியும், “நாலு” என்றார்.

“அது அவளுக்குச் சொன்னது” என்றேன். “அவளுக்குச் சொன்னத எனக்குக் கொண்டாராதீக. எனக்கு அது வேணாம்.”

“அது முள்ளுக்குச் சொன்னது” என்றார்.

“யாருக்குச் சொன்னா என்ன? கேட்டது அவதானே?”

கிறுக்குப் பிடித்தவள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொழும்பிலிருந்து ஒரு வரி வருவதற்கு நானும் மனதார வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். வந்தால் அவள் தன் வீட்டுக்காரரிடம் போய்விடுவாளே என்பதும் அந்த வேண்டுதலில் இருந்தது. எனக்கு வேண்டியது வேறு. ஊரில் வேறு யாருக்கும் போகாத ஒன்று, எனக்கென்று, ஒரு சொல்லாவது. பெரிய ஆசையா அது?

அடுத்த இரண்டு மூன்று நாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலும் இல்லை, எட்டும் இல்லை. வருவார், சாப்பிடுவார், படுப்பார். நானாகத்தான் வேண்டாம் என்றேன், ஆனாலும் அந்த வெறுமை தாங்கவில்லை. ஒயர் அறுந்தால் என்ன ஆகும் என்று அவர்தானே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நானே போய், அந்த நாலையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பாம்பன்காரி கேட்டுவிட்டு மிச்சம் வைத்ததாக இருந்தாலும் பரவாயில்லை என்றுகூட மனம் இறங்கிவந்துவிட்டது.

அன்றைக்குச் சாயந்தரம் நான் அடுப்படியில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தேன். வாசலில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. காலை நின்று நிதானமாகக் கழுவினார். நிலைக்கு முன்னால் வந்து நின்றார். குனியவில்லை. நிலைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“நாலேகால்.”

கையில் இருந்த தோசைத் திருப்பி அப்படியே நின்றது. ஐஸ் அறையில் நான் பல் கிட்டி நின்றதும், கதவு இடுக்கு வழியாக ‘உள்ள ஆள் இருக்கு’ என்று கேட்டதும் ஞாபகம் வந்தது. மீன் ஒரு பக்கம் கருகிவிட்டது.

“சரி” என்றேன். இதமாக இல்லை. எங்கள் மிளகாய்க் காட்டுக் குரலில், பாம்பன் வரைக்கும் கேட்கட்டும் என்று சொன்னேன்.